பக்கம் பதினான்கில் அச்சுப்பிழை

இப்போது மறுபடியும் கேட்டது, சிஸ்டர். எவர்சில்வர் டம்ளருக்குள் ஸ்பூனைப் போட்டு ஒரே ஒரு தடவை ஆட்டினால் வருமே, அந்த மாதிரி ஒரு சத்தம். கிலுக். அவ்வளவுதான். பிறகு ஒன்றுமில்லை. வாசல் பக்கமா, ஜன்னல் பக்கமா என்று சொல்லத் தெரியவில்லை. பால்காரி மிக்கேலம்மாவின் மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு தெருவில் சுற்றுகிறதோ என்னவோ. அதன் கழுத்தில் ஒரு மணி உண்டு. மாடாகத்தான் இருக்கும். மாடு என்றே வைத்துக்கொள்வோம்.

நான் ஜெசிந்தா. ஆறாவதிலிருந்து பத்தாவது வரை உங்களிடம் தமிழ் படித்த அதே ஜெசிந்தாதான், இப்போது உங்கள் நான்காம் வகுப்பு ஜெனிலாவின் அம்மா. இன்று சாயங்காலம் பள்ளிக்கூட கேட்டில் வைத்து நீங்கள் என் கையில் கொடுத்த நோட்டைப் பற்றி எழுதுகிறேன். எழுதச் சொன்னதும் நீங்கள்தான்.

"கை என்னாச்சு ஜெசிந்தா?" என்று கேட்டீர்கள்.

"பாத்ரூம்ல வழுக்கிட்டேன் சிஸ்டர்."

"மறுபடியுமா?"

"அந்தத் தரையே அப்படித்தான் சிஸ்டர். ஒரே பாசி."

ஜெனியின் வாசிப்பு நோட்டை என் இடது கையில் வைத்து, "நாளைக்குக் கண்காட்சி. எல்லாப் பிள்ளைங்க நோட்டும் மேசையில இருக்கும், அப்பா அம்மா எல்லாரும் புரட்டிப் பாப்பாங்க. இதை வைக்கவா வேண்டாமான்னு நீ சொல்லு. முதல்ல நீ படி. படிச்சிட்டு உனக்கு என்ன தோணுதோ அதை எனக்கு எழுதிக் குடு" என்றீர்கள். பிறகு அந்தப் பழைய சிரிப்பு. "நீதியெல்லாம் எழுதாத. இந்தத் தடவை பத்துக்குப் பத்து போட மாட்டேன்."

ஞாபகம் வைத்திருக்கிறீர்களே! என்னுடைய வாசிப்பு நோட்டில் வருஷம் முழுக்கப் பத்துக்குப் பத்து. இப்போது சொன்னால் என்ன, அடிக்கவா போகிறீர்கள்: நான் ஒரு புத்தகத்தையும் முழுதாகப் படித்ததில்லை சிஸ்டர். முதல் பக்கம், கடைசிப் பக்கம். ‘இக்கதை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இதிலிருந்து நாம் அறிந்துகொள்ளும் நீதி யாதெனில்’ என்று ஆரம்பித்து, கடைசிப் பக்கத்தைப் பார்த்து எழுதிவிடுவேன். ஒரே ஒரு தடவை நீங்கள் சிவப்பு மையில், ‘ஜெசிந்தா, நீ என்ன நினைக்கிறாய்?’ என்று கேட்டு எழுதியிருந்தீர்கள். நான் கீழே, ‘தாங்கள் நினைப்பதையே நானும் நினைக்கிறேன்’ என்று எழுதினேன். அதற்கும் பத்து போட்டீர்கள். பிழையில்லாமல் எழுதியிருந்தேன் அல்லவா.

இவள் அப்படியில்லை. இவள் முழுப் புத்தகத்தையும் படித்துவிடுகிறாள். அதுதான் தொல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒரு புது நோட்டு எடுத்து, அதே மாதிரி பிரவுன் அட்டை போட்டு, அதே மாதிரி லேபிள் ஒட்டி, இவள் இந்த வருஷம் படித்த புத்தகங்களுக்கு ஒழுங்கான கருத்துகளை நானே எழுதிக்கொண்டிருக்கிறேன். நாளைக்குக் காலையில் இவள் அப்பா கையில் கொண்டுவருவது அந்தப் புது நோட்டாக இருக்கும். நீங்கள் ஆச்சரியப்படாமல் வாங்கி மேசையில் வையுங்கள். பழைய நோட்டை இந்தக் கடிதத்தோடு உங்களுக்கு அனுப்பிவிடுகிறேன். மடத்து அடுப்பில் போட்டாலும் சரிதான். எழுத்து மாறித் தெரியுமே என்ற கவலை வேண்டாம். வலது மணிக்கட்டு வீங்கியிருப்பதால் என் எழுத்து இப்போது நாலாங்கிளாஸ் பிள்ளை எழுத்து மாதிரியே கோணலாக வருகிறது. அந்த வகையில் நல்லதாகப் போயிற்று.

மிக்கேலம்மா விடியற்காலை ஐந்தரைக்குப் பால் ஊற்ற வருவாள். எங்களுக்கு ஊற்றிவிட்டு நேராக உங்கள் மடத்துக்குத்தான் போகிறாள். அவளிடம் கொடுத்து அனுப்புகிறேன், ஜன்னல் வழியாக. ஏன் ஜன்னல் என்று நினைப்பீர்கள். இவள் அப்பாவுக்கு ராத்திரி டியூட்டி. துறைமுகத்துப் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் செக்யூரிட்டி சூப்பர்வைசர். ஒன்பதுக்குப் போய் ஆறுக்கு வருவார். போகும்போது வெளியே தாழ் போட்டுப் பூட்டிவிட்டுப் போவார். எங்கள் பாதுகாப்புக்குத்தான். "ஊர்ல ராத்திரி என்னென்ன நடக்குதுன்னு காவல்காரனுக்குத்தான்ட்டி தெரியும்" என்பார். மிக்கேலம்மாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். "ஏ ஜெசி, நான் வீட்டுக்குப் பால் ஊத்துதேனா, ஜெயிலுக்குக் காண்டிராக்ட் எடுத்திருக்கேனான்னே தெரியலட்டி. கம்பிக்குள்ள கெடந்து செம்பை நீட்டுத பாரு" என்பாள். நானும் சிரிப்பேன். சிரிப்பாகத்தானே இருக்கிறது.

போனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். என் போன் கீழே விழுந்துவிட்டது. ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறார். நாலு மாதமாகிறது. அந்தக் கடைக்காரன் ரொம்ப மெதுவாம்.

அவசரம் என்னவென்றால், இன்று ராத்திரி சாப்பிடும்போது ஜெனி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "அப்பா, சிஸ்டர் என் நோட்டை அம்மாட்ட குடுத்தாங்க" என்றுவிட்டாள்.

அவர் சந்தோஷப்பட்டார் சிஸ்டர். நிஜமாகவே சந்தோஷம். "அப்படியா? நம்ம புள்ளை என்ன எழுதிருக்குன்னு காலையில வந்து உக்காந்து படிக்கேன். ஒரு எழுத்து விடாமப் படிப்பேன். யார்ட்ல எல்லார்ட்டயும் சொல்லிட்டேம்லா, என் மவ புத்தகத்துக்கே மார்க்குப் போடுதான்னு" என்றார். கை கழுவிவிட்டு வந்து, "நோட்டு எங்க?" என்று கேட்டார்.

"அலமாரியில இருக்குங்க."

"இருக்கட்டும். எங்கயும் எடுத்துத் தொலைச்சிராத."

போனார். வெளியே பூட்டினார். பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். எப்போதும் இரண்டு தடவை.

ஆகவே ஆறு மணிக்குள் நான் இதை முடிக்க வேண்டும்.

சமையலறையில் கீழே உட்கார்ந்து, ஈஸ்டருக்குக் கோயிலில் கொடுத்த மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் எழுதுகிறேன். லைட் போட்டால் அவருக்கு எப்படியோ தெரிந்துவிடும். "பன்னெண்டு மணி வரைக்கும் என்னட்டி லைட்டு?" என்று காலையில் சரியாகக் கேட்பார். மீட்டரைப் பார்த்துக் கணக்குப் போடுவார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவர் அப்படிக் கூர்மையானவர்.

முதல் புத்தகம், ஜூலை மாதம். ‘தேன் கொண்டு வந்த கரடி’. நீங்களே அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்ததாம். ஒரு கரடிக்குக் கோபம் வந்து முயலின் பொந்தை இடித்துப் போடும். மறுநாள் ஒரு குடம் தேன் கொண்டுவந்து மன்னிப்புக் கேட்கும். இரண்டும் நண்பர்களாகிவிடும். நல்ல கதை. அதற்கு இவள் எழுதியிருப்பதை அப்படியே தருகிறேன்:

‘பிடித்தது: தேன். பிடிக்காதது: முயல் சாப்பிடுகிறதா என்று கரடி பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. முயல்கள் தேன் சாப்பிடாது. ஆனாலும் சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் கரடி மறுபடியும் வருத்தப்படும். எங்கள் வீட்டில் மஸ்கோத்து அல்வா.’

பாருங்கள் சிஸ்டர். அவர் எப்போதாவது கோபப்பட்டால் மறுநாள் அல்வா வாங்கி வருவார், அது உண்மை. எந்த வீட்டில் இல்லை? கோபம் இருக்கிற இடத்தில்தானே குணம் இருக்கும். எனக்கு அல்வா என்றால் உயிர், அதாவது முன்பு. இப்போது கொஞ்சம் திகட்டுகிறது. அதைப் போய் இவள் எழுதலாமா? புது நோட்டில் நான், ‘இக்கதை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. நீதி: மன்னிப்பது பெரிய குணம்’ என்று எழுதிவிட்டேன்.

அடுத்தது செப்டம்பர். கதைப் புத்தகம் இல்லை, ‘நம் எலும்புகள்’ என்று படம் போட்டது. இதில் என்ன வம்பு வந்துவிடப் போகிறது என்றுதான் நானும் நினைத்தேன். இவள் எழுதியிருக்கிறாள்:

‘பெரியவர்களுக்கு எலும்பு ஒட்ட ஆறு வாரம் ஆகும். என் அம்மாவுக்கு நாலாவது வாரத்திலேயே மாவுக்கட்டைப் பிரித்துவிட்டோம். வீட்டில் வைத்து, மீன் வெட்டும் கத்தியால் அப்பா பிரித்தார். ஆஸ்பத்திரிக்குப் போனால் கேள்வி கேட்பார்கள். குழந்தைகளுக்கு மூன்று வாரத்திலேயே ஒட்டிவிடும் என்று இந்தப் புத்தகத்தில் இருக்கிறது. இது நல்லது.’

அது போன வருஷம், இடது கை. அதுவும் பாத்ரூம்தான். கட்டுப் போட்ட டாக்டரம்மா ஒரு மாதிரி. அவரை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு என்னிடம் என்னவெல்லாமோ கேட்டாள். "இவ யாரு நம்ம குடும்பத்தைக் கேக்கதுக்கு?" என்று அவருக்கு வருத்தம். அதனால் திரும்பப் போகவில்லை. கை இப்போது நன்றாகத்தான் இருக்கிறது, குடம் தூக்கத்தான் முடியாது. ‘இது நல்லது’ என்று ஏன் முடித்திருக்கிறாள் என்பது மட்டும் எனக்குப் புரியவில்லை. பொது அறிவு என்று போட்டிருப்பாள். நான் புது நோட்டில், ‘பால், முட்டை, கீரை உண்டால் எலும்புகள் வலுப்பெறும்’ என்று எழுதினேன்.

மணி பன்னிரண்டாகிவிட்டது. கை வலிக்கிறது. கொஞ்சம் இருங்கள், தைலம் தேய்த்துவிட்டு வருகிறேன்.

நவம்பர் மாதப் புத்தகம் ‘ஏழாம் மாடிப் பேய்’. கான்வென்ட் லைப்ரரியில் பேய்க் கதை வைத்திருக்கிறீர்களே சிஸ்டர், எங்கள் காலத்தில் புனிதர்கள்தான் இருந்தார்கள். இவள் எழுதியது:

‘இந்தப் பேய் சங்கிலிச் சத்தத்தோடு வரும். எங்கள் வீட்டுப் பேய் சாவிச் சத்தத்தோடு வரும். கிலுக் என்று ஒரு தடவைதான் கேட்கும். பிறகு சாவியைக் கையால் பிடித்துக்கொள்ளும். ஜன்னல் பக்கம் நிற்கும். சிகரெட் வாசனை வரும். நான் தூங்குவது போல் இருப்பேன். அம்மா நிஜமாகவே தூங்கிவிடுவாள். எனக்குப் பயமில்லை. ஏனென்றால் அது உள்ளே வருவது காலையில்தான்.’

இதைப் பார்த்து இங்கே எழுதிக்கொண்டிருந்தேனா, ‘காலையில்தான்’ என்று முடித்துப் புள்ளி வைத்தேனா, சரியாக அப்போது வெளியே கேட்டது.

கிலுக்.

மெழுகுவர்த்தியை ஊதி அணைத்துவிட்டேன். இருட்டில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. ஜன்னல் பக்கம் ஒரு மூச்சு. பிறகு அந்த வாசனை. பூட்டை யாரோ மெதுவாக இழுத்துப் பார்த்தார்கள்.

இரண்டு தடவை.

பிறகு செருப்புச் சத்தம் தெருமுனை வரைக்கும் போயிற்று. அங்கே ஒரு வண்டி ஸ்டார்ட் ஆயிற்று. அந்த வண்டிச் சத்தம் எனக்குத் தெரியும் சிஸ்டர். பத்து வருஷமாகத் தெரியும்.

மிக்கேலம்மாவின் மாடு சிகரெட் பிடிக்காது.

மறுபடி ஏற்றிவைத்துக்கொண்டு எழுதுகிறேன். மீட்டர் விஷயம் இப்போது புரிகிறது. ஆனால் இதிலும் ஒன்றும் தப்பில்லை, அவருக்குக் குடும்பத்தின் மேல் கவலை, ராத்திரி நடுவில் வந்து ஒரு எட்டு பார்த்துவிட்டுப் போகிறார் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுத வரவில்லை. கவலைப்பட்டு வருகிறவர் சாவியை ஏன் கையால் பிடித்துக்கொள்கிறார்?

பேய்க் கதைக்குப் புது நோட்டில் ‘பேய் என்பது மூடநம்பிக்கை’ என்று பாதி எழுதிவிட்டு அப்படியே விட்டிருக்கிறேன்.

இனி கடைசிப் புத்தகம், ஜனவரி. நீங்கள் சிவப்பு மையில் வட்டம் போட்டு ‘ஏன்?’ என்று எழுதியிருப்பது இந்தப் பக்கத்தில்தான். ‘புயல் அடித்த ஊர்’ என்று கதை. அப்பா கடலுக்குப் போயிருக்கும்போது புயல் வருகிறது. வீட்டில் ஒரு பெண் குழந்தையும் தம்பியும்தான். அந்தப் பெண் கதவை உள்ளே தாழிட்டு, மேசையை முட்டுக் கொடுத்து, விடியும் வரை தம்பியை மடியில் வைத்திருக்கிறாள். இவள் பிடித்ததும் எழுதவில்லை, பிடிக்காததும் எழுதவில்லை. ஒரே ஒரு குறிப்புத்தான்:

‘இதில் ஒரு அச்சுப்பிழை இருக்கிறது. பக்கம் 14. அவள் கதவை உள்ளே தாழிட்டாள் என்று தவறாகப் போட்டுவிட்டார்கள். வீட்டுக்குத் தாழ்ப்பாள் வெளியேதான் இருக்கும். நான் புத்தகத்திலேயே பென்சிலால் திருத்திவிட்டேன்.’

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. லைப்ரரி புத்தகத்தில் கிறுக்கினதற்கு அபராதம் கட்டச் சொல்வீர்களே என்றுதான் தோன்றியது. பிறகு யோசித்துப் பார்க்கிறேன், இவளுக்கு எப்படித் தெரியும்? நாங்கள் யார் வீட்டுக்கும் போவதில்லை. எங்கள் வீட்டுக்கும் யாரும் வருவதில்லை. இவளுக்கு இரண்டரை வயதிருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் உள்ளே தாழ் போட்டுவிட்டு அசந்து தூங்கிவிட்டேன். அவர் வெயிலில் அரைமணி நேரம் நின்று தட்டியிருக்கிறார். மறுநாளே ஸ்க்ரூ டிரைவரை எடுத்து வாசல் கதவு, ரூம் கதவு, பாத்ரூம் கதவு மூன்றிலும் உள் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டார். "புள்ளை உள்ள மாட்டிக்கிட்டா என்னட்டி செய்வ?" என்றார். நியாயம்தானே என்று நானும் இருந்துவிட்டேன். கழற்றின இடத்தில் ஓட்டைகளைச் சோப்பு வைத்து அடைத்து பெயின்ட் அடித்தார். நிலையில் தாழ்ப்பாள் போய் விழுகிற ஓட்டையை மட்டும் அடைக்கவில்லை. அது எதற்கு என்று ஜெனி ஒரு நாளும் கேட்டதில்லை. தேய்ந்துபோன பென்சில் துண்டை அதில் செருகி வைப்பாள். அவளைப் பொறுத்தவரை அது பென்சில் ஓட்டை.

இதற்குப் புது நோட்டில் என்ன எழுதுவது? ‘நீதி: தைரியம் வேண்டும்’ என்று எழுதலாம். ‘தை’ என்று எழுதும்போது பின்னால் குரல் கேட்டது.

"எம்மா, என்ன செய்யுத?"

விழித்துக்கொண்டாள். தலையணையைக் கட்டிக்கொண்டு சமையலறை வாசலில் நிற்கிறாள்.

"ஒண்ணுமில்ல. நீ போய்ப் படு."

"என் நோட்டை ஏன் நீ எழுதுத?"

"அழுக்காயிடுச்சு. நல்லா எழுதித் தாரேன்."

குனிந்து பார்த்தாள். எழுத்துக் கூட்டி வாசித்தாள். "‘இக்கதை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.’ பொய். எனக்குப் பிடிக்கலம்மா அந்தக் கரடி." பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். "சிஸ்டர் கண்டுபிடிச்சிருவாங்க. நீ எழுதுனா நீதி வருதுல்லா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது சிஸ்டர், அந்த நேரத்திலும்.

"ஏட்டி, லைப்ரரி புத்தகத்துல கிறுக்கலாமா?" என்று கேட்டேன்.

"கிறுக்கல. திருத்துனேன். வேற பிள்ளைங்க படிச்சு ஏமாந்துறக் கூடாதுல்லா? வீட்டுக்குள்ள இருந்து பூட்டிக்கிடலாம்னு நெனச்சிக்கிடுவாங்க பாவம்."

"ஸ்கூல் பாத்ரூம்ல உள்ளதானே தாழ்ப்பாள் இருக்கு?"

"அது ஸ்கூல்லா" என்றாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லையே என்கிற மாதிரி பார்த்தாள்.

பிறகு, கேட்டிருக்க வேண்டாமோ என்னவோ, கேட்டுவிட்டேன். "எலும்புப் புத்தகத்துல ‘இது நல்லது’ன்னு எழுதிருக்கியே. என்ன நல்லது?"

"மூணு வாரத்துல ஒட்டிரும்லா எனக்கு."

"உனக்கு எதுக்கு ஒட்டணும்?"

அவள் என் வீங்கின கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். விரலை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். படம் பார்த்துப் படித்தவள் அல்லவா, ஒவ்வொரு எலும்பாகத் தொடுகிறாள். "உனக்கு ஆறு வாரம். அதுவும் நீ பொறுக்க மாட்ட. அதான் அடுத்த தடவை நான் முன்னாடி நிக்கலாம்னு இருக்கேன். எனக்குச் சீக்கிரம் ஒட்டிரும்" என்றாள்.

குரலில் ஒரு அழுகை இல்லை. கடைக்கு யார் போவது என்று முடிவு செய்கிற மாதிரி சொன்னாள்.

சிஸ்டர், மேலே ஒரு இடத்தில் பொய் எழுதியிருக்கிறேன். அடிக்காமல் விடுகிறேன், நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் தூங்கவில்லை. இவளை மடியில் வைத்துக்கொண்டு, இவள் வாயைப் பொத்திக்கொண்டு, கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தேன். அரைமணி நேரம். அவர் முதலில் கத்தினார், பிறகு கெஞ்சினார், பிறகு அழுதார். அழுததும் திறந்துவிட்டேன். பாத்ரூமில் பாசியே கிடையாது. வாரம் இரண்டு தடவை பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்க்கிறேன்.

நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டிருந்தீர்களே. இதுதான்.

மூன்று தாழ்ப்பாளும் பரணில் பழைய பெயின்ட் டப்பாவுக்குள் கிடக்கும் என்று எனக்குத் தெரியும். இரும்பை வீணாக்க மாட்டார். ஜெனியை ஸ்டூலில் ஏற்றி எடுத்தோம். ஸ்க்ரூ டிரைவர் அவர் கொண்டுபோன பையில் இருக்கிறது. மீன் வெட்டும் கத்தி முனையால் வாசல் கதவில் பெயின்டைச் சுரண்டினேன். ஓட்டையிலிருந்து சோப்பு பொடிப்பொடியாக உதிர்ந்தது. இத்தனை வருஷம் கழித்தும் வாசனை போகவில்லை. ஸ்க்ரூ பிடிக்கவில்லை, ஓட்டை பெரிதாகிவிட்டது. தீக்குச்சிகளை ஒடித்துத் திணித்தோம். ஜெனி கத்தியைத் திருப்ப, நான் இடது கையால் தாழ்ப்பாளை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். ஆறு ஸ்க்ரூவில் நாலு ஏறிவிட்டது. ஒன்று தலை வழுக்கிவிட்டது. இன்னொன்று உருண்டு எங்கேயோ போய்விட்டது.

நடுவில் இரண்டு தடவை நிறுத்திக் காதைக் கொடுத்துக் கேட்டோம். நாய்தான் குரைத்தது.

இப்போது மணி மூன்றே கால். தாழ்ப்பாள் மாட்டியாகிவிட்டது. இன்னும் போடவில்லை. போட்டுவிட்டால் பிறகு திறக்க முடியாது, திறந்தால் அதற்கு விடை சொல்ல வேண்டும் என்று தெரிந்துதான் கொஞ்சம் உட்கார்ந்து இதை முடிக்கிறேன்.

புது நோட்டைக் கிழித்துத் தண்ணீரில் ஊறப் போட்டுவிட்டேன். பழைய நோட்டு இதோடு வருகிறது. அதை மேசையில் வைக்க வேண்டாம், அடுப்பிலும் போட வேண்டாம். யாரிடம் காட்டினால் வந்து கதவுக்கு வெளியே நிற்பார்களோ அவர்களிடம் காட்டுங்கள். உங்களுக்குத் தெரியும் யாரென்று. அந்த டாக்டரம்மாவையும் கேளுங்கள், அவளுக்கு என்னை ஞாபகம் இருக்கும். நீங்கள் தனியாக வராதீர்கள். ஐந்தே முக்காலுக்கு இது உங்கள் கையில் இருக்கும். அவர் ஆறு மணிக்கு வருவார். நடுவில் ஒரு தடவை வந்தாலும் வருவார். கதவு திறக்கவில்லை என்றால் முதலில் கத்துவார், பிறகு கெஞ்சுவார், பிறகு அழுவார். அது வரைக்கும் எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு என்ன என்று இதுவரை பார்த்ததில்லை. தாழ்ப்பாளில் நாலு ஸ்க்ரூதான் இருக்கிறது.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் ‘தந்தை / காப்பாளர் கையொப்பம்’ என்று அச்சடித்திருக்கிறீர்கள். எல்லா வருஷமும் அவர்தான் போடுவார். இந்தத் தடவை ‘தந்தை’யை அடித்துவிட்டு நான் போட்டிருக்கிறேன். கோணலாக இருக்கிறது. என் கையெழுத்துத்தான்.

ஜெனி பக்கம் பதினான்குக்கு எழுதினதை அடிக்கட்டுமா என்று கேட்கிறாள். "இரு, முதல்ல போட்டுப் பாப்போம். சரியா வந்தா அடி" என்றேன். நிலை ஓட்டையிலிருந்து பென்சில் துண்டைப் பிடுங்கி எடுத்துக் காதில் செருகிக்கொண்டாள். என் கைக்குத் தாழ்ப்பாளைத் தள்ளப் பலம் இல்லை. துரு வேறு.

"எம்மா, எந்தப் பக்கம் தள்ளணும்?"

"அந்தப் பக்கம். நீ பென்சில் வைப்பல்லா, அதுக்குள்ள போணும்."

இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஒரு காலைச் சுவரில் ஊன்றிக்கொண்டாள். நகரவில்லை. மறுபடியும் தள்ளினாள். கொஞ்சம் தேங்காயெண்ணெய் விட்டேன்.

தெருமுனையில் வண்டி நின்றது. செருப்புச் சத்தம். மெழுகுவர்த்தியை அவள் பக்கம் பிடித்தேன், அணைக்கவில்லை.

வெளியே கிலுக் என்றது. கை வந்து சாவியைப் பிடிப்பதற்குள், உள்ளே தாழ்ப்பாள் டக்கென்று ஓட்டைக்குள் விழுந்தது.